வளவும் வரைபடமும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்னும் முதுமொழி தமிழ் வழங்கும் நிலமெங்கும் உண்டு. இரு பெருஞ் சுமைகளை அடுத்தடுத்து நிறுத்தி, எதனைச் சுமந்தாலும் முதுகு முறியும் என்று எச்சரிப்பது அதன் கருத்து. ஆயின் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாற்றுக்கு வடக்கே கிடக்கும் எங்கள் கரையோரத்தில் அம்முதுமொழி இரண்டு சுமைகளைப் பற்றியதன்று. இங்கே மகளுக்குக் கலியாணம் என்றால் மகளுக்கு வீடு என்றே பொருள். வீடு எழும்பாமல் மணவறை எழும்புவதில்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான், வீடு அவளுடையது, அவளைப் பெற்றவர்கள் அதிலிருந்து மெல்ல விலகி, இளையவளுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இதனை விளக்கப் புகுந்த போதெல்லாம், “அப்படியாயின் ஆண் பிள்ளைக்கு என்ன?” என்று அவர்கள் கேட்டதுண்டு. ஆண் பிள்ளைக்கு வேலை. தங்கைமாரின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் சேர்க்கும் வேலை.

அந்த வேலையிலேதான் சென்ற ஆண்டு முதல் நானும் ஈடுபட்டிருக்கிறேன். இலங்கைத்துறையில் உள்ள எங்கள் வளவில் இளைய தங்கைக்கு ஒரு வீடு கட்டவேண்டும். சம்பந்தம் பேசி முடிந்துவிட்டது. நாள் குறிப்பது மட்டும் கூரை ஏறும் நாளை நோக்கிக் காத்திருக்கிறது. நான் கட்டடக் கலைஞன் அல்லன், புவியியல் படிப்பிப்பவன். ஆயினும் படவரைஞரிடம் போகுமுன் எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நாங்களே தெளிந்து கொள்ளவேண்டும் என்று எண்ணி, கட்டம் போட்ட தாளில் ஓரடிக்கு ஒரு கட்டமாக வரையத் தொடங்கினேன். அத்தாள்கள் இப்போது பதினொன்றாகிவிட்டன. மாணவருக்கு நிலப்பட வாசிப்பைப் பல ஆண்டு கற்பித்த எனக்கு, ஒரு நிலப்படத்துள் இத்தனை வழக்குகள் அடங்கும் என்பது புதிய பாடமாகவே இருந்தது.

வளவின் பரப்பு 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். மேற்கே தெரு, கிழக்கே மணல் மேடும் அப்பால் கடலும். கிழக்கு மேற்காக 110 அடி, வடக்குத் தெற்காக 99 அடி. வடபாதியில் மூத்த தங்கையின் வீடு நிற்கிறது. தென்பாதி வெறுமையாக உள்ளது என்று சொல்லலாம். ஆனால் உண்மையில் அங்கே இரண்டு தென்னைகளும், ஒரு வேம்பும், அம்மாவின் கிடுகுக் குசினியும் உண்டு.

இந்த வளவில் வீடுகள் நின்றதும் விழுந்ததும் தனி வரலாறு. அம்மாவின் தாயார் வாழ்ந்தது மண் சுவரும் கிடுகுக் கூரையுமான வீடு. 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய புயலில் அதன் கூரை போயிற்று. பின்னர் எழுந்த கல்வீட்டை 1990இல் விட்டோடினோம். திரும்பி வந்து திருத்திய வீட்டுக்குள் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று 2005இல் அறிவித்தார்கள். அளவு நாடா பிடித்தவரின் கணக்கில் நாங்கள் எல்லைக்குச் சற்று அப்பால் நின்றோம். அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் ஓட்டம். வாகரை, பின்னர் மட்டக்களப்பு முகாம். 2007இல் ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்கள் திருப்பி அழைத்து வரப்பட்டபோது எங்களுக்கு எஞ்சியிருந்தவை அத்திவாரமும் கிணறுமே. எங்கள் தலைமுறைக்கு வீடு என்றால் கூரையன்று, அத்திவாரம் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு.

மூத்த தங்கையின் வீடு 2013இல் இந்திய அரசின் நன்கொடையைக் கொண்டு கட்டியது. வீட்டுக்கு 550,000 ரூபா. வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். பயனாளியே பொருள் வாங்கி, மேசனை வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அத்தொகை போதவில்லை என்பதும், அதற்குமேல் ஆன கடனை அடைக்க நான் சில ஆண்டுகள் எடுத்தேன் என்பதும் உண்மையே. ஆயினும் அத்திட்டத்தை நான் குறைகூறேன். பிறர் கட்டித் தந்த பெட்டி போன்ற வீடுகளைக் காட்டிலும் அவனவன் நின்று கட்டிய வீடு மேலானது. இடர் கிடந்தது வரைபடத்தில். இரண்டு அறை, நடுவே மண்டபம், முன்னே சிறு விறாந்தை, உள்ளேயே சமையலறை. நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்று என்றும் நாலு பேராகவே இருக்கும், அது எவருக்கும் எதனையும் கொடுத்துவிட்டு வெளியேறாது என்ற நம்பிக்கையில் வரையப்பட்ட படம் அது.

அந்த உட்சமையலறையை அம்மா ஒரு நாளும் சமையலறையாக ஏற்றுக்கொள்ளவில்லை. நெல் மூட்டையும் பழைய பாயும் வைக்கும் இடமாக அதனை மாற்றிவிட்டு, தென்பாதியில் நான்கு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து அடுப்பை மூட்டினார். தங்கையோ காஸ் அடுப்பு வாங்கி உள்ளேயே சமைத்தாள். நாகரிகத்தின் பக்கம் நின்று நானும் அம்மாவை எத்தனையோ முறை பரிகசித்திருக்கிறேன். 2022இல் நாடெங்கும் எரிவாயு இல்லாமற் போனது; வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டு மக்கள் தெருவில் உறங்கினார்கள். அவ்வாண்டு எங்கள் வளவில் மூன்று குடும்பங்களின் சோறு அந்தக் கிடுகுக் குசினியிலேதான் வெந்தது.

இதனால் புதிய வீட்டின் குசினி வீட்டை விட்டு விலகி நிற்கவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. எங்கே நிற்கவேண்டும் என்பதே கேள்வி. தென்கிழக்கு அக்கினி மூலை என்று அம்மாவும், மாமாவும், மேசனாரும் ஒரே குரலிற் சொன்னார்கள். சாத்திரத்தை நான் பெரிதாக நம்புபவன் அல்லன். ஆனால் காற்றை நம்புபவன். எங்கள் கரையில் வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நிலத்தை வறுத்தெடுக்கும். அந்த வறண்ட மாதங்களிலேதான் கிடுகில் நெருப்புப் பற்றும் அச்சம் பெரிது. கிழக்கு ஓரத்துக் குசினியில் எழும் பொறி அப்போது வீட்டை நோக்கி வராது. கடலை நோக்கிப் போகும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது, தென் மூலையிலிருந்து எழும் புகை தென்மேற்காக விலகும். சாத்திரக்காரரும் நானும் வேறு வேறு வழியாக நடந்து ஒரே மூலையில் சந்தித்தோம். அவர்கள் அதனைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினார்கள்.

அளவுகளில் அப்படிச் சந்திக்க முடியவில்லை. மனையடி சாத்திரப்படி அறையின் உள்ளளவு பத்தடி, பதினோரடி, பதினாறடி நன்று. ஒன்பதும் பன்னிரண்டும் ஆகா. பன்னிரண்டடியில் நான் போட்ட மண்டபம் இக்காரணத்தால் பதினோரடியாகச் சுருங்கிற்று. ஓரடிதானே என்று விட்டேன். சீமெந்தின் விலை அந்த ஓரடியை எனக்கு இனிதாக்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயிரம் ரூபாவை ஒட்டி நின்ற 50 கிலோப் பை 2022இல் இரண்டாயிரத்தைக் கடந்து சென்றபோது, நான் முதலில் எண்ணிய 900 சதுர அடி வீடு 700க்குத் தானாகவே இறங்கிவிட்டது. எந்தச் சாத்திரமும் அவ்வளவு விரைவாக ஒரு வரைபடத்தைத் திருத்தியதில்லை.

உண்மையில் எங்கள் வரைபடத்தைத் தீர்மானித்தது வீடன்று, கிணறும் மலசலகூடக் குழியும். கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை. மழை அதனை ஊட்டுகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். 2004இல் கடல் புகுந்த கிணறுகளைப் பலர் அவசரப்பட்டு முற்றாக இறைத்தபோது உவர் இன்னும் ஏறியதைக் கண்டவர்கள் இதனை மறவார். மணல் நீரை எளிதில் விடுவதுபோலவே குழியின் அழுக்கையும் எளிதில் விடும். ஆதலால் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடியாவது இருக்கவேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எங்கள் பழைய கிணறு வளவின் வடகிழக்கு மூலையில், ஈசானத்தில் உள்ளது. மூத்த தங்கையின் குழி அவள் வீட்டுப் பின்புறத்தில், வளவின் நடுக்கோட்டை ஒட்டி உள்ளது. தென்பாதியைத் தனி வளவாகக் கருதி அதன் ஈசானத்தில் புதுக்கிணறு தோண்டினால், அக்குழிக்கு முப்பதடி தூரங்கூட வராது.

இரண்டு வளவாகப் பிரித்து நடுவே வேலி போடுவதே மாமாவின் திட்டம். சகோதரிகளாயினும் பிற்காலத்தில் பிணக்கு வரும், எல்லை தெளிவாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வேலி போட்டால் இளையவளுக்கு நீர் இல்லை. கிணறு பொதுவாயின் பாதை பொதுவாக வேண்டும். பாதை பொதுவாயின் வேலிக்கு இடமில்லை. ஏழாவது தாளில் நான் வேலியை அழித்தேன். அதன்பின் ஒவ்வொன்றாக மாறின. இளையவளின் பின்வாசல் வடக்கே திரும்பிற்று. மூத்தவளின் பின்வாசலிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து குசினிக்கும், மண்டபத்தில் இருக்கும் ஆடவர் கண்ணிற் படாமல் பெண்கள் நடமாடும் ஒரு தடம் தாளில் தானே தோன்றியது. அத்தடம் நான் வரைந்ததன்று. அது வளவிலே பல காலமாகக் கிடந்தது. நான் அதனைத் தடுக்காமல் விட்டேன், அவ்வளவே. புதிய குழியை மட்டும் தென்மேற்கு மூலைக்கு, தெருவோரத்துக்குத் தள்ளினேன். கிணற்றிலிருந்து அது நூறடிக்கு மேல்.

வீட்டின் வடிவத்தை வீட்டுக்குரியவர் தீர்மானிப்பது இந்நாட்டில் எளிதாக வந்த உரிமையன்று. எங்கள் கொட்டியாரக் குடாவிலே 1660இல் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டு சிறையிருப்பின்பின் தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில், குடிகள் மாடி எடுக்கவோ, ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டவோ கண்டி இராச்சியத்தில் உத்தரவில்லை என்று எழுதியிருக்கிறார். மூன்று நூற்றாண்டுகள் கடந்து, கண்டி வத்தபுளுவையில் அரசாங்க ஊழியருக்கு 1950களில் வீடமைப்புத் திட்டம் ஒன்றை வகுத்த மினற் டி சில்வா அம்மையார், குடியேற இருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எவ்வாறு சமைக்கிறார்கள், எவ்வாறு வாழ விரும்புகிறார்கள் என்று கேட்டறிந்த பின்னரே படம் வரைந்தார். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டமும், அரசு கட்டிக் கொடுப்பதைக் குறைத்து மக்கள் கட்டுவதற்குத் துணைநிற்க வேண்டும் என்ற கொள்கையையே முன்வைத்தது. ஆயினும் மினற் அம்மையாரின் வினாக்கொத்து எங்கள் வளவுக்கு வந்திருந்தால், அதில் ஒரு வினா கூடுதலாக இருந்திருக்க வேண்டும்: இந்த வீட்டை நீங்கள் எப்போது கொடுத்துவிடப் போகிறீர்கள்?

மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிய முக்குவர் சட்டத்தைப் பிறிட்டோ என்பவர் 1876இலேயே நூலாக்கியிருக்கிறார். தாய்வழியிற் சொத்து இறங்கும் முறை அது. அச்சட்டம் நீதிமன்றங்களில் வழக்கொழிந்த பின்னும், சொத்து பெண்வழி செல்லும் வழக்கம் சீதனம் என்ற பெயரில் தொடர்ந்தது என்பதை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே காட்டியிருக்கிறார். சீதனத்தைக் கண்டிக்கும் கட்டுரைகளை நம் மாணவர் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள்; எழுதவேண்டியதே. வீடு இல்லாமையால் மணமின்றி நரைத்த பெண்களை எங்கள் ஊரிலும் நான் அறிவேன். தங்கைமாருக்கு வீடு கட்டிக் கட்டித் தன் காலம் கழிந்த அண்ணன்மாரையும் அறிவேன். ஆனால் கணவன் கையோங்கினால் வெளியேற வேண்டியவன் அவனே என்ற நிலையும் இவ்வழக்கத்தாலேயே உண்டாகிறது. இதனை அக்கட்டுரைகளில் நான் கண்டதில்லை.

சிக்கல் எங்கே எழுகிறது என்றால், வழக்கமும் பத்திரமும் ஒன்றையொன்று அறியாதிருப்பதில். 2013இல் விண்ணப்பப் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் அப்பாவின் பெயரையே எழுதச் சொன்னார்கள். வீடு மகளுக்கு என்று அம்மா சொன்னதை எழுதுவதற்கு அப்படிவத்தில் இடமில்லை. காணியும் அப்பாவின் பெயரில் உள்ள அனுமதிப்பத்திரக் காணி. அப்பா 2017இற் காலமானார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அம்மா தம் ஆயுள் உள்ளவரை அதனை அனுபவிக்கலாம். அதன்பின் அது பெயர் குறிக்கப்பட்ட பின்னுரிமையாளருக்குச் செல்லும். எவரும் குறிக்கப்படாவிடின் சட்டத்தின் அட்டவணை பேசும். அவ்வட்டவணை நெடுங்காலம் மகன்மாரை மகள்மாருக்கு முன் நிறுத்தியது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே அந்த முதன்மை நீங்கியது. ஊர் வழக்கப்படி ஒரு பிடி மண்ணும் உரித்தில்லாத நான், அட்டவணைப்படி முதலாம் ஆளாக இருந்தேன்! திருகோணமலை நகரில் என் மனைவியின் தாயார் திட்டமிட்டுக் கட்டிய வீட்டில், மனைவியின் பெயரில் உள்ள கூரையின்கீழ், இருபது ஆண்டாக வாழும் எனக்கு அது வேடிக்கையாகவே பட்டது.

அம்மாவின் நிலைமையோ வேடிக்கைக்கு அப்பாற்பட்டது. சட்டப்படி இந்த வளவு முழுவதையும் ஆளும் உரிமை அவருடையது. வழக்கப்படி வடபாதியை அவர் கொடுத்தாயிற்று. தென்பாதியைக் கொடுக்கப் போகிறார். நானோ முதல் தாளிலேயே தென்மேற்கு மூலையில், மூத்தோருக்கு உரியது என்று சொல்லப்படும் கன்னி மூலையில், பத்தடிக்குப் பதினோரடியில் அம்மாவுக்கு ஓர் அறை போட்டிருந்தேன். அம்மாவுக்குப் படம் வாசிக்கத் தெரியாது என்று நினைத்து, இது யாருடைய அறை, இது எந்த வாசல் என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“அந்த மூலை அவளுக்கு. குடுத்துப்போட்டு நான் நடுவீட்டுக்குள்ள இருக்கேலாது மகன்” என்றார்.

தம் தாயார் கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார் என்பதை அவர் எனக்கு நினைவூட்டினார். எனக்கும் நினைவிருந்தது. குசினிக்கு அருகே ஒரு பத்தி இறக்கி, அதில் ஒரு சாக்குக் கட்டிலும், ஒரு தகரப் பெட்டியும், வெற்றிலைத் தட்டமும் வைத்திருந்தார் அம்மம்மா. அதனைப் புறக்கணிப்பு என்று அன்று எவரும் கருதவில்லை. வளவின் வரவு செலவெல்லாம் அந்தக் கட்டிலைக் கடந்தே நடந்தது. ஆயினும் மழைக்காலத்தில் அக்கிடுகின்கீழ் அவர் இருமிய இருமல் என் காதில் இன்னும் இருக்கிறது. வழக்கத்தைப் புகழ்ந்து எழுதும் ஆய்வாளர் எவரும் அந்த இருமலைக் கேட்டிருக்க மாட்டார்.

தங்கை வேறு விதமாக வாதாடினாள். அம்மா வெளியே போவதாயின் இந்த வீடே தனக்கு வேண்டாம் என்றாள். அம்மா அதற்கு மறுமொழி சொல்லவில்லை, அடுப்புக்குப் போய்விட்டார். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரியலாகாது என்பது அவர் கருத்து. அதனை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மகள் குடித்தனம் நடத்தும் வீட்டில் தாய் அடுப்பை வைத்திருந்தால் வீடு கொடுபட்டதாகாது. அடுப்பை விட்டுவிட்டால் தாய் தாயாகாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவரை எங்கே எழுப்புவது என்பதே எட்டாவது தாளிலிருந்து பதினோராவது தாள் வரை என் கவலையாயிற்று.

பதினோராவது தாளில் உள்ளது இது. வீடு 660 சதுர அடி: இரண்டு அறை, மண்டபம், அதன் வடகிழக்கில் சிறு சாமியறை, முன்னே எட்டடி அகல விறாந்தை. வீட்டிலிருந்து பன்னிரண்டு அடி விலகி, கிழக்கே, பதினாறடி நீளத்தில் ஒரு தனிக் கட்டு. அதன் தென்பாதி குசினி. வடபாதி கல்லாற் கட்டி, ஓடு வேய்ந்து, கதவும் யன்னலும் வைத்த அறை. கிணற்றடியைப் பார்த்த திண்ணை அதற்கு உண்டு. வீட்டுக்கும் கட்டுக்கும் இடையே மழையில் நனையாமல் நடக்கத் தகரம் போட்ட பந்தல். குசினியில் ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு வராது. விறகடுப்பு அங்கே, காஸ் அடுப்பு வேண்டுமாயின் தங்கையின் மண்டபத்தோடு ஒட்டிய சிறு மேசையில். எங்கே படுக்கிறார் என்று கேட்பவருக்கு அம்மா குசினிப் பக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். மழை பெய்தால் நனையமாட்டார்.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் அம்மாவுக்கும் தங்கைக்கும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. வடக்கே திறந்தால் மூத்தவள் வீடு தெரியும். மேற்கே திறந்தால் இளையவள் வீடு தெரியும். படவரைஞர் இரண்டு கதவு போடலாம் என்கிறார். ஒரு நிலைக்கு முதிரை மரம் இப்போது என்ன விலை என்பதை அவர் யோசிப்பதில்லை. அத்திவாரம் கச்சான் எழுமுன் வெட்டவேண்டும் என்று மேசனார் சொல்லியிருக்கிறார். பின்னுரிமையாளரைப் பெயர் குறிக்கும் படிவத்தையும் பிரதேச செயலகத்திலிருந்து எடுத்து வந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அம்மா கையெழுத்திட ஆயத்தமாக இருக்கிறார். எழுத வேண்டிய பெயர் ஒன்று, மகள்மார் இருவர், காணி அலுவலரிடம் மறுபடியும் போகவேண்டும், அடுத்த புதன்கிழமை.